ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி எதற்கு? வெக்கை ஒழிந்த கதையும் கோமாரி ஒழியாத காரணமும்

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் கோயில் திடல்ல மாடுகளுக்குக் கோமாரி ஊசி போடுறாங்க. எல்லாரும் மாடுகளை ஓட்டிட்டு வந்துடுங்க."

ஊரில் இந்த அறிவிப்பு வந்ததுமே பல வீடுகளில் பேச்சு கிளம்பும். "போன தடவைதானே போட்டோம், மறுபடியுமா?" என்பார் ஒருவர். "ஊசி போட்டா ரெண்டு நாள் பால் குறையும். சொசைட்டிப் பணத்தை நம்பித்தான் இந்த வாரம் குழுக் கடன் கட்டணும்" என்பார் இன்னொருவர். "நம்ம மாடு நல்லாத்தானே இருக்கு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இரண்டு கறவை மாட்டை வைத்துக் குடும்பம் நடத்துபவருக்கு ஒரு லிட்டர் பால் குறைவதும் பெரிய விஷயம்தான். அதனால் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. சரியான பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் இரண்டு நோய்களின் கதையில் இருக்கிறது. ஒன்று உலகத்தை விட்டே போய்விட்டது. இன்னொன்று இன்னமும் நம் கொட்டகை வாசலில் நிற்கிறது.

வெக்கை: பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்

உங்கள் வீட்டில் 60, 70 வயதுப் பெரியவர்கள் இருந்தால் 'வெக்கை நோய்' ஞாபகம் இருக்கா என்று கேளுங்கள். கடுமையான காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், வாயில் புண், பிறகு நாற்றத்தோடு கழிச்சல், சில நாட்களில் சாவு. ஒரு மாட்டுக்கு வந்தால் தொழுவமே காலி என்று சொல்வார்கள்.

இது இந்தியாவை மட்டும் வாட்டிய நோய் அல்ல. ஐரோப்பாவில் இந்த நோய் மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்றதுதான், 1760-களின் தொடக்கத்தில் பிரான்ஸின் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கப்பட முக்கியக் காரணம். 1890-களில் ஆப்பிரிக்காவில் பரவியபோது பல பகுதிகளில் பத்தில் எட்டு, ஒன்பது மாடுகள் செத்தன. உழவும் பாலும் இல்லாமல் எத்தியோப்பியாவில் பெரும் பஞ்சம் வந்தது. மனிதருக்கு வரும் தட்டம்மை வைரஸும் மாட்டு வெக்கை வைரஸும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இந்தியாவில் கால்நடை ஆராய்ச்சி தொடங்கக் காரணமான நோய்களில் வெக்கை முதன்மையானது. 1889-ல் புனேயில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. பிறகு அது இமயமலைப் பகுதியில் உள்ள முக்தேசுவரத்துக்கு மாறியது. அதுதான் இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம். தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையில் 1932-ல் கால்நடைகளுக்கான தடுப்பு மருந்து நிலையம் தொடங்கப்பட்டது. வெக்கைக்கான தடுப்பு மருந்து அங்கேயும் தயாரானது.

பத்தில் எட்டு போட்டும் ஏன் ஒழியவில்லை?

1954-ல் தேசிய அளவில் வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. பத்தில் எட்டு மாடுகளுக்காவது ஊசி போட்டுவிட வேண்டும் என்பது இலக்கு. கோடிக்கணக்கான மாடுகளுக்கு ஊசி போடப்பட்டது. நோய் நன்றாகக் குறைந்தது. ஆனால் ஒழியவில்லை.

காரணம் எளிமையானது. ஊசி போடாமல் விட்ட மாடுகள் இருந்தன. ஆண்டுதோறும் புதிதாகப் பிறந்த கன்றுகள் இருந்தன. சந்தைக்கும் மேய்ச்சலுக்கும் கால்நடைகள் மாவட்டம் தாண்டி, மாநிலம் தாண்டி நடந்தபடியே இருந்தன. ஓர் ஊரில் அணைந்த நோய் இன்னோர் ஊரில் பற்றிக்கொண்டது. தென்னிந்தியாவில்தான் அது கடைசி வரைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

1992-ல் புதிய திட்டம் வந்தது. இந்தத் தடவை ஊசியோடு தேடுதலும் சேர்ந்தது. கால்நடைத் துறை ஊழியர்கள் ஊர் ஊராகப் போய், "உங்க ஊர்ல வாய்ப்புண்ணும் கழிச்சலுமா மாடு ஏதாவது செத்துச்சா?" என்று கேட்டார்கள். மாடுகள் நடத்திக் கூட்டிச் செல்லப்படும் பாதைகளிலும் தேடினார்கள். சந்தேகம் வந்த இடத்தில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

இந்தியாவின் கடைசி வெக்கை நோய் 1995-ல் பதிவானது. எங்கே தெரியுமா? நம் தமிழ்நாட்டில், அன்றைய வடஆற்காடு மாவட்டத்தில். தடுப்பு மருந்து தயாரான இராணிப்பேட்டையும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. மருந்து பக்கத்திலேயே இருப்பதால் மட்டும் நோய் போய்விடாது. அது ஒவ்வொரு மாட்டின் உடம்புக்குள்ளும் போய்ச் சேர வேண்டும்.

அதற்குப் பிறகு ஊசியை நிறுத்திவிட்டு ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். எங்கேயும் நோய் இல்லை. 2006-ல் இந்தியா வெக்கை இல்லாத நாடு என்று உலகக் கால்நடை நல அமைப்பு அறிவித்தது. 2011-ல் உலகமே வெக்கையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்து, உலகை விட்டு முழுவதுமாக ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுதான்.

அரசூரில் தெரிய வந்த புது நோய்

தேடிப் பார்ப்பதும் தகவல் சொல்வதும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு தமிழ்நாட்டு உதாரணம் இருக்கிறது. 1987-ல் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் அரசூரில் செம்மறி ஆடுகளுக்குக் கடும் நோய் வந்தது. காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் எல்லாமே பார்க்க வெக்கை மாதிரியே இருந்தன. மாதிரிகளை ஆய்வு செய்தபோது அது வேறு வைரஸ் என்று தெரிந்தது. இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் உறுதியானது அதுதான் முதல் தடவை.

அரசூரில் எடுத்த அந்த வைரஸை வீரியம் குறைத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. 'அரசூர் 87' என்பதே அந்த வைரஸின் பெயர். ஒரு சிற்றூரில் ஆடு செத்தது வெளியே தெரிந்ததால்தான் ஒரு தடுப்பூசி கிடைத்தது. 2030-க்குள் ஆட்டுக்கொல்லியை ஒழிக்க வேண்டும் என்பது உலக நாடுகளின் இலக்கு. உங்களிடம் ஆடுகள் இருந்தால் இந்த ஊசி போட்டாச்சா என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள்.

அப்போ கோமாரி மட்டும் ஏன் போகலை?

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். வெக்கையை ஒழிக்க முடிந்ததென்றால் கால் மற்றும் வாய்க் காணை எனும் கோமாரியை ஏன் இன்னும் ஒழிக்க முடியவில்லை? 1898-லேயே ஜெர்மானிய விஞ்ஞானிகள் லோஃப்லரும் ஃப்ரோஷும், பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியிலும் புகுந்து வரும் நுண்பொருள்தான் கோமாரிக்குக் காரணம் என்று காட்டினார்கள். விலங்குகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வைரஸ் அது. 125 வருஷத்துக்கு மேல் ஆகியும் அது நம்மோடுதான் இருக்கிறது. மூன்று காரணங்கள்.

முதலாவது, வெக்கை வைரஸ் ஒரே வகை. கோமாரி வைரஸில் ஏழு வகைகள் உண்டு. இந்தியாவில் இப்போது ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று வகைகள் சுற்றுகின்றன. ஒரு வகைக்கு வந்த எதிர்ப்புச் சக்தி இன்னொரு வகையைத் தடுக்காது. அதனால்தான் நம் ஊசியில் மூன்று வகைகளுக்கும் மருந்து சேர்ந்திருக்கிறது.

இரண்டாவது, வெக்கைக்குப் பிற்காலத்தில் வந்த ஊசி ஒரு தடவை போட்டால் மாட்டின் ஆயுளுக்கும் காவல். கோமாரி ஊசியின் காவல் ஏறக்குறைய ஆறு மாதம்தான். செல்போன் ரீசார்ஜ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். போன தடவை போட்டது உண்மைதான், ஆனால் வேலிடிட்டி முடிந்துவிட்டது.

மூன்றாவது, வெக்கையிலிருந்து பிழைத்த மாடு வைரஸைத் தன் உடம்பில் வைத்துக்கொள்ளாது. கோமாரியிலிருந்து தேறிய மாட்டின் தொண்டைப் பகுதியில் வைரஸ் மாதக்கணக்கில், சிலவற்றில் ஆண்டுக்கணக்கில்கூடத் தங்கும்.

ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி எதற்கு என்றால் இதற்குத்தான்.

கொல்லாத நோய், ஆனால் குடும்பத்தைச் சாய்த்துவிடும்

"கோமாரி வந்தா மாடு சாகாதே, பத்து நாள்ல சரியாயிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன என்பது சரி. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

காய்ச்சல் ஏறும். வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வழியும். நாக்கிலும் ஈறிலும் குளம்பு இடுக்கிலும் மடிக்காம்பிலும் கொப்புளம் வந்து உடையும். மாடு தீவனம் எடுக்காது, நடக்காது. பால் அடியோடு விழும். குளம்புப் புண்ணில் புழு வைத்தால் பாடு இன்னும் அதிகம். தேறின பிறகும் சில மாடுகள் வெயிலில் நாய் மாதிரி இளைக்கும், சினை பிடிக்காமல் போகும், பழைய பால் திரும்பாது. ஊசியால் குறைவது இரண்டு மூன்று நாள் பால். நோயால் போவது அந்த ஈற்றின் பாலே.

கன்றுகளின் நிலைமை வேறு. சிறு கன்றுகளில் இந்த வைரஸ் இதயத் தசையைத் தாக்கும். வாயில் புண் தெரிவதற்கு முன்பே கன்று திடீரென்று விழுந்து செத்துப்போகலாம். 2013-ல் தமிழ்நாடு, கர்நாடகா உள்ளிட்ட தென் மாநிலங்களில் கோமாரி பரவியபோது மாடு வளர்ப்பவர்கள் இதையெல்லாம் நேரிலேயே பார்த்தார்கள்.

எப்படிப் பரவுகிறது?

நோய் வந்த மாட்டின் எச்சில், மூச்சு, பால், சாணம், சிறுநீர் எல்லாவற்றிலும் வைரஸ் இருக்கும். அது உங்கள் செருப்பில் ஒட்டி வரும். பால் கறப்பவரின் கையில் வரும். தீவனம் ஏற்றி வந்த வண்டியின் டயரில் வரும். பொதுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும். ஈரமும் குளிர்ச்சியும் சேர்ந்தால் வெளியிலேயே வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். பக்கத்துக் கொட்டகைக்குக் காற்றிலேயும் போகும்.

முக்கியமான விஷயம், புண் வெளியே தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே மாடு வைரஸை வெளியே விடத் தொடங்கிவிடும். சந்தையில் நீங்கள் பார்க்கும்போது மாடு நன்றாகவே இருக்கும். பொள்ளாச்சி, ஈரோடு மாதிரிச் சந்தைகளுக்குப் பல மாநில மாடுகளும் வியாபாரிகளும் வந்து போகிறார்கள். ஒரே நாளில் ஒரு மாட்டின் நோய் நாலு திசைக்கும் போய்விடும். நோய் பரவும் காலத்தில் சந்தையை மூடுவது யாரையும் சிரமப்படுத்த அல்ல, இந்தப் பயணத்தை நிறுத்தத்தான்.

ஊசி பற்றி அடிக்கடி வரும் சந்தேகங்கள்

ஊசியாலேயே நோய் வருமா? வராது. கோமாரி ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். ஊசி போட்ட இடத்தில் சின்ன வீக்கம், ஒரு நாள் லேசான காய்ச்சல், இரண்டு மூன்று நாள் பால் குறைவு இருக்கலாம். தானாகச் சரியாகிவிடும்.

ஊசி போட்டும் எங்க மாட்டுக்கு வந்துச்சே? ஊசி போட்ட மறுநாளே காவல் வந்துவிடாது. எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஊசிக்கு முன்பே வைரஸ் உள்ளே போயிருந்தாலும் நோய் வெளிப்படும். அதனால்தான் பக்கத்து ஊரில் நோய் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

கன்றுக்கு எப்போது? நாலு மாத வயதில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.

சினை மாட்டுக்குப் போடலாமா? எத்தனை மாதச் சினை என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிறைசினையாக இருந்தால் என்ன செய்வதென்று அவர் முடிவு செய்வார். நீங்களாக மாட்டை வீட்டிலேயே கட்டி வைத்துவிட வேண்டாம்.

காசு உண்டா? கிடையாது. 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இந்த ஊசி இலவசம்.

காதில் எதற்கு வில்லை? காதுவில்லையில் உள்ள 12 இலக்க எண்தான் உங்கள் மாட்டின் அடையாளம். எந்த மாட்டுக்கு எப்போது ஊசி போட்டார்கள் என்பது அந்த எண்ணில்தான் பதிவாகும். ஊரில் எத்தனை மாடுகள் விட்டுப்போயின என்பதும் அதை வைத்துத்தான் தெரியும்.

நோய் வந்துவிட்டால்

நோய் மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். பொது மேய்ச்சலுக்கும் பொதுத் தொட்டிக்கும் ஓட்டாதீர்கள். நல்ல மாடுகளை முதலில் கவனித்துவிட்டு நோய் மாட்டிடம் கடைசியாகப் போங்கள். பிறகு கை கால் கழுவித் துணி மாற்றுங்கள்.

கோமாரி வைரஸுக்குக் காரம் ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் சலவை சோடா கலந்து கொட்டகைத் தரையையும் பாத்திரங்களையும் கழுவுங்கள். அதே கரைசலில் நனைத்த சாக்கைக் கொட்டகை வாசலில் போட்டு மிதித்துவிட்டு உள்ளே போங்கள்.

கன்றை நோய் வந்த தாயிடம் ஊட்ட விடாதீர்கள். வாய்ப்புண்ணுக்கும் குளம்புப் புண்ணுக்கும் மருத்துவர் சொல்லும் கழுவுநீரும் களிம்பும் போடுங்கள். கஞ்சி, கூழ் மாதிரி மெதுவான தீவனம் கொடுங்கள். ஆன்டிபயாடிக் ஊசி வைரஸைக் கொல்லாது. புண்ணில் பாக்டீரியா சேர்ந்திருந்தால் மருத்துவர் போடுவார், கடையில் நாமாக வாங்கிப் போட வேண்டாம்.

மிக முக்கியமாக, நோய் மாட்டை விற்காதீர்கள். "வந்த விலைக்குத் தள்ளிவிடலாம்" என்று சந்தைக்கு ஓட்டினால் இன்னொரு குடும்பத்தின் கொட்டகைக்கு நோயை அனுப்புகிறோம் என்று அர்த்தம். தொற்றுநோய் வந்தால் தகவல் சொல்வது கால்நடை உரிமையாளரின் கடமை என்று 2009-ம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டமும் சொல்கிறது. புதிதாக வாங்கிய மாட்டையும் மூன்று வாரமாவது தனியாகக் கட்டிப் பார்த்துவிட்டு மந்தையில் சேருங்கள்.

மாடு வளர்க்காத வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கோமாரி மனிதர்களை வாட்டும் நோய் அல்ல. பாலைக் கொதிக்கக் காய்ச்சிக் குடியுங்கள், அது போதும். பயந்துபோய்ப் பால் வாங்குவதை நிறுத்தினால் அடி விழுவது பால்காரர் வீட்டுக்குத்தான்.

தோல் கழலை: புதிதாக வந்த பாடம்

ஊரில் 'லம்பி' என்றும் பெரியம்மை என்றும் சொல்கிறார்களே, அந்தத் தோல் கழலை நோய் 1929-ல் ஆப்பிரிக்காவின் இன்றைய ஜாம்பியாவில் முதலில் அறியப்பட்டது. இந்தியாவுக்கு அது வந்தது 2019-ல்தான், ஒடிசாவில் முதலில் தெரிந்தது. மூன்றே வருஷத்தில், 2022-ல், ராஜஸ்தான், குஜராத் உள்ளிட்ட மாநிலங்களில் பரவி நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. கொசு, கடிக்கும் ஈ, உண்ணி மூலம் முக்கியமாகப் பரவுகிறது. எனவே கொட்டகையில் சாணமும் தண்ணீரும் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மாலையில் புகை போடுங்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டம்மை வைரஸில் செய்த ஊசி மாடுகளைக் காக்கப் பயன்படுகிறது. உடம்பில் கட்டி கட்டியாகத் தெரிந்தால் உடனே தகவல் சொல்லுங்கள்.

உங்கள் போன் என்ன செய்யும்?

* 1962 என்ற இலவச எண்ணைச் சேமித்து வையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் அது. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தின் எண்ணையும் கேட்டு வாங்கி வையுங்கள்.
* ஒவ்வொரு மாட்டின் காதுவில்லையையும் எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வில்லை அறுந்து விழுந்தாலும் எண் கையில் இருக்கும்.
* ஊசி போட்ட அன்றே காலண்டரில் ஆறு மாதம் கழித்து ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.
* எச்சில் வழிதல், நொண்டல், கட்டி எது தெரிந்தாலும் ஒரு சின்ன வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அதை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் அவரிடம் காட்டுவது நல்லது.
* "ஊசி போட்டா கரு கலையும்" மாதிரிச் செய்திகள் வந்தால் ஃபார்வர்டு செய்யாமல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 95 லட்சம் மாடுகள். அதில் உங்கள் வீட்டு மாடு ஒன்றோ இரண்டோ. "ஒண்ணு விட்டுப்போனா என்ன ஆயிடப் போகுது?" என்று தோன்றலாம். வெக்கை நோய் நாற்பது வருஷம் தாக்குப்பிடித்தது அப்படி விட்டுப்போன மாடுகளை நம்பித்தான். அதைக் கடைசியாகப் பார்த்த மண்ணும் நம்முடையது, வழியனுப்பி வைத்த மண்ணும் நம்முடையதுதான்.

அடுத்த தடவை அறிவிப்பு வரும்போது மாட்டை ஓட்டிக்கொண்டு போங்கள். அப்படியே பக்கத்து வீட்டிலும் ஒரு குரல் கொடுங்கள்.